இருபத்தொன்பது முட்டையும் ஓர் அண்டாத் தண்ணீரும்

ஆவுடைநாயகம் சார் தேங்காய் வாங்குவதை நின்று பார்க்க வேண்டும். முதலில் காதோரம் வைத்துக் குலுக்குவார். பிறகு விரலால் சுண்டுவார். பிறகு மூன்று கண்களையும் கட்டைவிரலால் அமுக்குவார். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். அந்த முகம் கொஞ்சம் சந்தோஷமாகத் தெரிந்துவிட்டால் போதும், தேங்காய் குவியலுக்கே திரும்பிப் போய்விடும்.

பாலை நகத்தின்மேல் ஒரு சொட்டு விட்டு, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்க்காமல் காப்பி போட விடமாட்டார். உடன்குடிக் கருப்பட்டி என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால், ஒரு துண்டைக் கரைத்து அடியில் என்ன தங்குகிறது என்று பார்த்த பிறகுதான் வாய் திறந்து நல்ல வார்த்தை சொல்வார். “எனக்குத் தாலி கட்டும்போதே மஞ்சளை மோந்து பாத்த மனுசன்தான இவிய” என்று அவர் மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகால் கரையில், வயலுக்கும் வாழைத்தோப்புக்கும் நடுவே இருந்த தொடக்கப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக அவர் வாத்தியார். தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்தப் பொறுப்பும் அவர் தலையில் ஏறியது. ஊருக்குள் அவருக்கு ‘சந்தேக வாத்தியார்’ என்று பெயர். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. வருத்தப்படவில்லை. சந்தேகப்படத் தெரியாதவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பயனில்லை என்பது அவருடைய கட்சி.

மூன்றாம் வகுப்பில் பொருள்களின் தன்மை என்ற பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவார். ஆற்றுக் கூழாங்கல், பனங்கொட்டை, மெழுகுவத்தி, கோலிக்குண்டு, பூட்டுச் சாவி என்று பிள்ளைகள் கையில் அகப்பட்டதை எல்லாம் கொண்டுவர வேண்டும். கரும்பலகையில் கட்டம் போடுவார். நிறம், மணம், கெட்டியா மெதுவா, மிதக்குமா முங்குமா, கரையுமா கரையாதா, சுவை.

“கனமானது முங்கும் சார், லேசானது மிதக்கும்” என்று ஒரு பயல் எழுந்து நின்று அடித்துச் சொன்னான்.

“அப்படியாலே? அந்த வாழைத்தண்டைத் தூக்கு.”

அவன் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

“இந்தச் சாவியைத் தூக்கு. எது கனம்?”

“தண்டுதான் சார்.”

“ரெண்டையும் தண்ணியில போடு.”

தண்டு மிதந்தது. சாவி நேரே அடியில் போய் உட்கார்ந்தது. பயல் தண்டையே முறைத்தான். “தண்டு பொய் சொல்லுது சார்.”

“தண்டு பொய் சொல்லாதுலே. நீதான் பாக்காமச் சொன்னே.”

கட்டத்தில் ‘சுவை’ என்ற இடத்தில் மட்டும் எல்லாப் பொருளுக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் பாடத்துக்கு வைத்திருந்த சுண்ணாம்பை நக்கிப் பார்த்து, நாக்கு வெந்து ஒரு வாரம் கஞ்சி குடித்தான். அன்றிலிருந்து வகுப்பில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது சட்டம்.

அந்தச் சட்டம் வந்த வருஷம்தான் சத்துணவுக்கூடத்துக்கு மாரிக்கண்ணு சமையல்காரம்மாவாக வந்தார். வடகாலுக்கு அங்கிட்டு இருக்கும் தெரு. அவர் வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்தது அது ஒன்றுதான். அவர் அடுப்புப் பற்றவைத்த முதல் வாரமே பதினாறு பிள்ளைகள் தூக்குச்சட்டியில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தார்கள். கேட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பதினாறு வயிறும் ஒரே திங்கட்கிழமை கெட்டுப்போன அதிசயத்தை ஊரில் ஒருவரும் ஆராயவில்லை.

ஆவுடைநாயகம் சாரும் ஆராயவில்லை. அவர் எப்போதும் வீட்டுச் சாப்பாடுதான். ஆனால் பழைய சமையல்காரம்மா காலத்தில் சாம்பார் மட்டும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்வார். இப்போது வாங்குவதில்லை. உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதர், அந்தக் கிண்ணம் ஏன் நின்றது என்று தன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் சந்தேகமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. மூன்று மணிக்கு மாரிக்கண்ணு வீட்டுக்குப் போகும்போது இடுப்பில் ஒரு சருவச்சட்டி இருக்கும். மேலே தட்டுப் போட்டு மூடியிருக்கும். என்ன அது? ஏன் மூட வேண்டும்? ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாள் வாசலில் நின்று பார்த்தார். சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்க மட்டும் செய்யவில்லை. பார்க்கப் பார்க்கச் சட்டி கனமாகிக்கொண்டே போனது.

தொண்ணூற்று நாலு புரட்டாசி. பிசான நெல் சாகுபடிக்கு நாற்றங்கால் தயார் செய்யும் நேரம். பெற்றோர் சங்கத் தலைவர் குமரகுருபரன் அண்ணாச்சி மோட்டார் சைக்கிளைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஊரில் இன்னும் நிலத்தைக் கையில் வைத்திருக்கும் சைவ வீடு அவருடையதுதான். சாருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் மகள் விஜயஸ்ரீ மூன்றாம் வகுப்பு. பதினாறு தூக்குச்சட்டிகளில் ஒன்று அவளுடையது.

“என்னவே, எல்லாத்தையும் தண்ணியில போட்டுப் பாக்கியளாமே? பாப்பா சொன்னா.”

“பாடம் அண்ணாச்சி. வியாழக்கிழமையோட முடியுது.”

“இந்த ஓட்டை வாளியை வச்சுக்கிட்டு என்னத்தைக் காட்டுவேரு? உம்ம பம்புலயும் காத்துதான வருது. ஒரு அண்டா அனுப்புதேன், தண்ணியோடயே.”

“எதுக்கு அண்ணாச்சி சிரமம்?”

“பிள்ளைய படிக்கத்தானவே.”

பள்ளிக்கூடத்துப் பக்கமே வராத மனிதருக்கு இன்றைக்கு என்ன அக்கறை என்று ஆவுடைநாயகத்துக்கு ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடிதான். சொந்தக்காரர் கொடுக்கும் தேங்காயை அவர் குலுக்கிப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை அண்ணாச்சியின் வயல்காரர் முத்துமாலை மாட்டு வண்டியில் அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. மேலே இரண்டு நெல்லுப் பதர் மிதந்தது. சார் அதை விரலால் சுண்டி வெளியே எறிந்தார். பாடம் பாதி நடக்கும்போது அண்ணாச்சியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கல், கட்டை, மெழுகு எல்லாம் முடிந்தது. “முட்டை மிதக்குமா முங்குமா சார்?” என்று அண்ணாச்சி பிள்ளைகளைப்போல் கை தூக்கிக் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். “இன்னைக்கு முட்டை நாளுதான? வேகவைக்கு முன்னால போட்டுப் பாப்பமே.”

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை சத்துணவில் முட்டை. கேள்வி சாருக்குப் பிடித்திருந்தது. நல்ல முட்டை முங்கும், கெட்டது மிதக்கும், பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். முட்டைக் கூடையைக் கொண்டுவரச் சொன்னார்.

முதல் முட்டை மிதந்தது. இரண்டாவதும் மிதந்தது. வகுப்பு எண்ண ஆரம்பித்தது. இருபத்தொன்பது முட்டையும் அண்டாவில் தலை காட்டிக்கொண்டு நின்றன.

மாரிக்கண்ணு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்து சாயங்காலம் வந்த முட்டை சார். நம்பலைன்னா ஒண்ணை உடைச்சுப் பாருங்க.”

“உடைக்கவா?” அண்ணாச்சி துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். “பள்ளிக்கூடம் பூராவும் நாறிப்போவும்வே. பிள்ளைய வாந்தி எடுக்கும். முத்துமாலை, கொண்டுபோய்த் தென்னங்குழியில புதைச்சிரு.”

கத்தரிக்காயைக்கூடப் பிளந்து பார்க்காமல் வீட்டுக்குள் விடாத ஆவுடைநாயகம், அன்று ஒரு முட்டையை உடைக்கவில்லை. அவருக்கு அந்தச் சருவச்சட்டி ஞாபகத்துக்கு வந்தது. விடை கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. நல்ல முட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டுக் கெட்டதைக் கூடையில் வைத்திருக்கிறார். வேறென்ன? முட்டையை வாங்கியது சத்துணவு அமைப்பாளர். கொடுத்தது கடைக்காரர். கொண்டுவந்தது சைக்கிள்காரர். இத்தனை பேரைத் தாண்டிச் சந்தேகம் நேரே அடுப்படியில் போய் நின்றது. அதற்கு வழி யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே அண்ணாச்சி தலைமையில் ஒன்றிய அலுவலகத்துக்கு மனு தயாரானது. அதன் அடியில் சார் தன் கையால் எழுதினார்: ‘முட்டைகள் இருபத்தொன்பதும் தண்ணீரில் மிதந்ததைக் கண்ணால் கண்டேன்.’ மனுவின் கடைசி வரி, ‘யார் கையால் எல்லாரும் சாப்பிடுவார்களோ அப்படிப்பட்ட ஒருவரைச் சமையலுக்கு நியமிக்க வேண்டும்’ என்றிருந்தது. அந்த வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை விசாரணை என்றும், அதுவரை மாரிக்கண்ணு வரவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அப்படியும் பழக்கம் விடவில்லை. முத்துமாலை கூடையைத் தூக்குமுன் மூன்று முட்டையை எடுத்துச் சுண்ணக்கட்டிப் பெட்டியில் வைத்து அலமாரியைப் பூட்டியிருந்தார் சார். ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை எலிசபெத் என்ற பெண் சிலேட்டோடு வந்து நின்றாள்.

“சார், இதுல குச்சி ஓட மாட்டேங்கு. நரநரங்கு.”

“என்னட்டி செஞ்சே?”

“ஒண்ணும் செய்யல சார். அன்னைக்கு அண்டாத் தண்ணியில கழுவி வெயில்ல வச்சேன். வெள்ளை பூத்துட்டு.”

சார் சிலேட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக்கு மேலே மெல்லிய வெள்ளைப் படலம். நகத்தால் சுரண்டினார். பொடிப்பொடியாக மின்னியது. கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். வியாழக்கிழமை போட்ட கட்டம் அழியாமல் இருந்தது. தண்ணீர் என்ற வரிசையில் நிறம் இல்லை, மணம் இல்லை. சுவை என்ற இடத்தில் ஒரு கோடு.

முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஆவுடைநாயகம் சார் சிலேட்டை நக்கினார்.

“சார், நக்கப்பிடாதும்பிய” என்றது பின் வரிசை.

உப்பு. நல்ல கல்லுப்பு.

அப்போதுதான் அந்த இரண்டு பதர் அவருக்கு முன்னால் வந்து மிதந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய வீட்டிலும் மூன்று கோட்டை விதைப்பாடு நிலம் இருந்தது. பிசானத்துக்கு முன்னால் அப்பா அண்டாத் தண்ணீரில் ஒரு முட்டையைப் போடுவார். முங்கிக் கிடக்கும். உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார். முட்டை மேலே வந்து நாலணாக் காசு அகலத்துக்குத் தலை காட்டினால் தண்ணீர் பதம். அதில் விதைநெல்லைக் கொட்டினால் சோடையெல்லாம் மிதக்கும், மணியெல்லாம் முங்கும். வடகால் பாசனத்தில் இது தெரியாத விவசாயி கிடையாது. உப்புத் தண்ணீரில் நல்ல முட்டையும் மிதக்கும் என்பது அவருக்கும் பத்து வயதில் தெரிந்திருந்தது. நிலம் விற்றபோது அதுவும் போய்விட்டது போலும்.

அலமாரியைத் திறந்து மூன்று முட்டையையும் தெருக்குழாய்த் தண்ணீரில் போட்டார். மூன்றும் கொஞ்சம் சாய்ந்து அடியில் போய்ப் படுத்தன.

சாயங்காலம் வயலில் முத்துமாலையைப் பிடித்தார்.

“புதைச்சியா?”

முத்துமாலை வரப்பைப் பார்த்தார். “கோவிச்சுக்கப்பிடாது சார். குழி தோண்டிட்டேன். மனசு வரல. ஒண்ணை உடைச்சு மோந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. பிள்ளையளுக்கு அவிச்சுக் குடுத்தாச்சு. நாலு நாளாச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யல.”

“அண்டா?”

“விதை அலசின அண்டா சார். கொட்டிட்டுக் கழுவப் போனேன். அண்ணாச்சிதான் அப்படியே தூக்கிட்டுப் போலேன்னாவ.” குரலைத் தாழ்த்தினார். “நான் சொன்னேன்னு சொல்லாதிய. அங்கனதான் எனக்குக் கஞ்சி.”

அடுத்து வடகால் பாலத்தைத் தாண்டினார். பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மாரிக்கண்ணு வீட்டு வாசலில் ஒரு ஆடு கட்டியிருந்தது. பக்கத்தில் அந்தச் சருவச்சட்டி. அடியில் அரிசி கழுவின தண்ணீரும் காய்த்தோலும்.

“இதுதானா?” என்று கேட்டார்.

“வேற என்னன்னு நெனச்சிய?” என்றார் மாரிக்கண்ணு. “ரெண்டு வருசமாப் பாக்கியளே, ஒரு நாள் கேட்டிருக்கலாம்லா? கழுநீரு. நடையில சிந்தும்னு தட்டு போட்டேன்.”

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி சார் வீட்டுக்கே வந்துவிட்டார். யார் சொன்னார்களோ, பள்ளிக்கூடத்தில் மறுபடி முட்டை முங்கியது அவர் காதுக்குப் போயிருந்தது.

“நாளைக்கு நீரு ஒண்ணும் பேச வேண்டாம்வே. எழுதிக் குடுத்தது போதும். பைய இருந்துக்கிடும்.”

“அண்டாவுல உப்பு இருந்துச்சு அண்ணாச்சி.”

“இருந்தா? உம்ம பிள்ளையா சாப்பிடுது அங்க? நீரே அந்த அடுப்புல ஒரு கை வாங்கித் தின்னதில்ல. என்னமோ எனக்கு மட்டும் நியாயம் சொல்ல வந்துட்டேரு.”

அவர் போன பிறகு ஆவுடைநாயகம் அந்தப் பேச்சைத் தேங்காயைப்போலச் சுண்டிச் சுண்டிப் பார்த்தார். அண்ணாச்சி சொன்னதில் எந்த இடத்தைத் தட்டிப் பார்த்தாலும் ஓட்டையில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

புதன்கிழமை ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மனுப் போட்டவர்கள் வகுப்புக்குள் உட்கார்ந்தார்கள். மாரிக்கண்ணுவுக்கு உட்கார இடம் இருக்கவில்லை, வாசலோரம் நின்றார்.

சார் ஒரே மாதிரி இரண்டு வாளி வைத்திருந்தார். இரண்டிலும் தெருக்குழாய்த் தண்ணீர். “இது வியாழக்கிழமை முட்டையில மிச்சம்” என்று ஒன்றை இந்த வாளியில் போட்டார், ஒன்றை அந்த வாளியில் போட்டார். இரண்டும் முங்கின. வலது வாளியில் ஒரு படி கல்லுப்பைக் கொட்டிக் கலக்கினார். கரையும்வரை கையை எடுக்கவில்லை. முட்டை அசைந்தது, பைய எழும்பியது, நாலணாக் காசு அகலத்துக்குத் தலை காட்டி நின்றது.

“ஒரே முட்டை, ஒரே தண்ணி. மாறினது உப்பு மட்டும்தான். அன்னைக்கு நான் தண்ணியைப் பாக்கல. பாக்காமச் சொன்னேன்.”

மூன்றாவது முட்டையைத் தட்டில் உடைத்தார். மஞ்சள் கரு உருண்டையாக நின்றது. யார் மூக்கும் சுளிக்கவில்லை.

“நீங்கதான சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?” என்றார் அதிகாரி.

“நான்தான். தப்பு. அதையும் எழுதித் தாரேன்.”

“அண்டாவுல உப்புக் கெடந்தது யாருக்குவே தெரியும்?” என்று அண்ணாச்சி சிரித்தார்.

“விதை அலசின அண்டாவை அனுப்பினவருக்குத் தெரியும்.”

அதற்குமேல் அதிகாரி அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. காப்பி வந்தது, அண்ணாச்சி வீட்டிலிருந்து. குடித்துவிட்டு, மாரிக்கண்ணு வேலையில் தொடரலாம் என்று எழுதினார். உப்பு எப்படி வந்தது என்பது பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரி இல்லை. குமரகுருபரன் மறு வருஷமும் பெற்றோர் சங்கத் தலைவர்தான். தூக்குச்சட்டியும் ஒன்றுகூடக் குறையவில்லை.

அடுத்த முட்டை வியாழக்கிழமை காலை, மாரிக்கண்ணு வகுப்பு வாசலுக்கு வந்தார்.

“சார், கொஞ்சம் வாங்க.”

அடுப்படியில் ஒரு அகலச் சட்டியில் தண்ணீர். பக்கத்தில் முட்டைக் கூடை. பிள்ளைகளும் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்கள்.

“வேகவைக்கு முன்னால உங்க முன்னாலயே போட்டுக் காட்டிருதேன். நாளைக்கு ஒரு பேச்சு வரப்பிடாது.”

“அதெல்லாம் வேண்டாம் மாரிக்கண்ணு. எனக்குச் சந்தேகம் இல்ல.”

“எனக்கு இருக்கு சார்” என்றார் அவர். முகத்தில் சிரிப்பில்லை. “உங்க மேல.” ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு நீட்டினார். “மொதல்ல இதைக் குடிச்சுப் பாருங்க. பொறவு உப்புன்னுட்டா நான் எங்க போவேன்?”

டம்ளர் அப்படியே நின்றது. பிள்ளைகள் பார்த்தார்கள். விஜயஸ்ரீயும் தூக்குச்சட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆவுடைநாயகத்தின் கை உடனே எழவில்லை. அந்தத் தாமதத்தை மாரிக்கண்ணு பார்த்தார். தான் அதைப் பார்த்துவிட்டது சாருக்கும் தெரியும்படி பார்த்தார்.

சார் வாங்கிக் குடித்தார், முழு டம்ளரும்.

“தண்ணிதான்” என்றார்.

மாரிக்கண்ணு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சட்டிக்குள் விட்டார். எல்லாம் முங்கின. அவர் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தார். சார் வகுப்புக்குத் திரும்பி, கரும்பலகையில் தண்ணீர் வரிசையில் இருந்த கோட்டை அழித்துவிட்டுச் ‘சுவை இல்லை’ என்று எழுதினார்.

சாம்பார்க் கிண்ணம் மறுபடி அடுப்படிக்குப் போக இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. ஆனால் முட்டை வியாழக்கிழமை தவறாமல் அந்த டம்ளர் வந்தது. மாரிக்கண்ணு ஒருமுறைகூட அதை விட்டுக்கொடுக்கவில்லை, சார் ஓய்வு பெற்றுப் போன நாள்வரை.